மிச்சமான போஸ்டர்கள்

வீடு மாற்றுவதற்காக, லாஃப்ட்டிலிருந்து மனைவி குல்ஷனின் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்த கௌஸ் பாஷா அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஒரு கட்டுப் போஸ்டர்.

'குந்தாரப்பள்ளி சந்தைத் திடலில் மாபெரும் இன்னிசை இரவு! பாடுபவர்: கௌஸ் பாஷா.' மீசை அரும்பிய வயதில் எடுத்த படம்.

"நம்ம கச்சேரி போஸ்டர்! மிச்சமானதை இவ்ளோ பத்திரமா வச்சிருக்கியே, குல்ஷன்!"

"அதை அப்பறம் பாக்கலாம் மச்சான். வண்டி வந்துரும்," என்றாள், பாத்திர மூட்டையிலிருந்து நிமிராமல்.

"உன் தம்பி ஆமிரை வுட்டு கிருஷ்ணகிரி, சூளகிரி பூரா ஒட்ட வச்சேன்னியே. நான் பிராக்டிஸ்லயே கெடந்தேன். கடைசில யாரு வந்தா? மைக்செட்காரரும் டீக்கடைக்காரரும்தான். நம்ம பாட்டு யாருக்கும் வேணாம்னு அன்னிக்கே வுட்டுட்டேன்."

அவள் மூட்டையின் வாயை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

"அதுவும் நல்லதுதான். கூட்டம் வந்திருந்தா ஓசூர்ல கம்பெனி வேலைக்கு வந்திருப்பேனா? பாட்டுக்காரனுக்குப் பொண்ணு இல்லைன்னு நின்ன உங்க அத்தா, உன்னைக் குடுத்திருப்பாரா?" சிரித்தார். "இதுல ஒண்ணை ஃப்ரேம் போட்டு புது வீட்ல மாட்டறேன்."

மேலிருந்த போஸ்டரை உருவினார். வரவில்லை. பிரஸ்காரர் போட்ட சணல் முடிச்சு அப்படியே இறுகிக் கிடந்தது.

"ஒரு கத்தி குடு," என்று கை நீட்டியவர், சட்டென்று கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

அன்று அச்சடித்ததே இந்த ஒரு கட்டுதான்.

"கத்தியெல்லாம் மூட்டை கட்டிட்டேன் மச்சான்," என்றாள் குல்ஷன். குரல் உடைந்திருந்தது.