கொசு இல்லாத குளம்

கொசு பிடித்துப் பிடித்துத் தவளைக்கு நாக்கே வலித்தது. அதனால் யாரோ குளத்தில் கொட்டிவிட்டுப் போன வெளியூர்க் குட்டிமீனைப் பார்த்ததும் அதற்கு ஒரே குஷி.

“தம்பி, இங்கே இருக்கிற கொசுப்புழு முழுக்க உனக்குத்தான். கூச்சப்படாம சாப்பிடு!”

மீன் கூச்சப்படவே இல்லை. சீக்கிரமே குளத்தில் கொசுச் சத்தம் நின்றது. தவளை காலை நீட்டித் தூங்கியது. பசித்துக் கண் விழித்தபோது, மீன் தலைப்பிரட்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தது.

“அடப்பாவி! அதெல்லாம் என் பிள்ளைங்கடா!”

“அப்படியா அண்ணே? வால் இருக்கு, கால் இல்லை. உங்க ஜாடையே தெரியலையே!” என்றது மீன், மென்றுகொண்டே.

மிச்சமிருந்த பிள்ளைகளை வாயில் அள்ளிக்கொண்டு தவளை பக்கத்துக் குட்டைக்குத் தாவியது. அங்கே கொசுக்கள் காதைச் சுற்றி ரீங்காரமிட்டன. இவ்வளவு இனிமையான கச்சேரியைத் தவளை அதுவரை கேட்டதே இல்லை.