புளிமண்டியில் தூபாவின் குரல்

ஜவ்வாது மலையின் மாலை வெயில் புளிமண்டியின் தகரக் கூரை ஓட்டைகள் வழியாகத் தூசிக்குள் நீளநீளமாக இறங்குகிறது. சாக்கில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும் பஷீராவின் கைபேசி அடிக்கிறது. அமெரிக்காவிலிருந்து மகள் தூபா. கைக்குழந்தையாகத் தூக்கிப்போன பிள்ளை. விசா தீர்ந்த பிறகும் அங்கேயே வளர்ந்து படித்தவள். அவளைத் தன் மகனுக்குக் கட்டிக்கொடுக்கவில்லை என்ற ஆத்திரத்தில், பஷீராவின் கூடப்பிறந்த அண்ணன் அமீனுல்லாவே இங்கிருந்து அமெரிக்க அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லி, தாயையும் மகளையும் காட்டிக்கொடுத்தார். பஷீராவை விமானம் ஏற்றிவிட்டார்கள். தோழி வீட்டில் ஒளிந்து தூபா தப்பினாள். வேறு போக்கிடம் இல்லாமல் அதே அண்ணனின் மண்டியில்தான் பஷீராவுக்கு இப்போது கூலி வேலை. அவர் தராசருகே மூட்டை தைத்துக்கொண்டிருக்கிறார். பஷீரா எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்று ஸ்பீக்கரைப் போடுகிறாள்.

"அம்மா, அனுமதி கெடச்சிடுச்சி. சின்ன வயசுல வந்தவங்கள அனுப்ப மாட்டாங்களாம். படிக்கலாம், வேலைக்கும் போலாம்."

கோணி ஊசி பாதியில் நிற்கிறது. சணல் அவர் விரலில் இறுகிக் கிடக்கிறது. புளி தட்டும் சத்தம் ஓய்ந்து, மண்டியே திரும்பிப் பார்க்கிறது. "நல்லது," என்று முணுமுணுத்து அவர் நகரப் பார்க்கிறார். பஷீரா வழி விடவில்லை. கைபேசியை அவர் காதருகே நீட்டுகிறாள்.

"இன்னொரு தபா சொல்லும்மா. மாமுவுக்குச் சரியா கேக்கலையாம்."