போகும்போது சிவப்பு

"போகும்போது சிவப்பு, திரும்பி வரும்போது நீலம். கூட ஒண்ணு இருக்கு, சத்தியமா!" என்று மருமகள் போனில் சொன்னது சமையலறையிலிருந்த மாமியாரின் காதில் விழுந்தது.

அவருக்குத் திக்கென்றது. காலையில் மகன் போட்டுக்கொண்டு போனது சிவப்புச் சட்டை. இஸ்திரி போட்டுக் கொடுத்ததே அவர்தான்.

"அவன் மட்டும்தான் கண்ணுல படறான். சும்மா ஒருத்தன் இப்படிச் சுத்துவானா? அவன் ஆட்டத்தை வச்சே பிடிச்சுடுவேன். விடமாட்டேன்!"

போனை வைத்ததும் மாமியார் ஓடி வந்தார். "என் பிள்ளை குனிஞ்ச தலை நிமிராதவன்மா. அவனைப் போய்ச் சந்தேகப்படலாமா?"

மருமகள் விழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அத்தை! நான் சொன்னது எங்க ஆராய்ச்சி நிலையத்துல பார்க்கிற நட்சத்திரத்தை. நாங்க அதை 'அவன்'னுதான் சொல்லுவோம். விலகிப் போகும்போது அதோட ஒளி சிவப்புப் பக்கம் நகரும், நெருங்கி வரும்போது நீலப் பக்கம். அப்படின்னா எதையோ சுத்துதுன்னு அர்த்தம். அவ்வளவு பலமா இழுக்கிறது கண்ணுக்கே தெரியலைன்னா, அது கருந்துளைதான்."

"தெரியாததை இருக்குன்னு எப்படிம்மா அடிச்சுச் சொல்றே?"

"சுத்தறவனைப் பார்த்தா போதும் அத்தை. நிறமே காட்டிக் கொடுத்துடும்."

மாமியாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அழைப்பு மணி அடிக்கவும், சிரித்தபடியே போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் மகன் நின்றிருந்தான். நீலச் சட்டையில்.

மாமியார் இரண்டு கைகளையும் கதவு நிலையில் ஊன்றி வழியை மறித்தார்.

"யாருடா அந்தக் கருந்துளை?"