பிரான்ஸ் போட்ட பத்திரிகை

“கப்பல் மேல வந்து இறங்குத சண்டை விமானத்தைப் பிரான்ஸ்காரன்கிட்ட வாங்குதானுவளாம்! வெக்கமா இல்ல?”

தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் நயினார், படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மேசையில் ஓங்கி அடித்தார்.

ஒரு கிலோ கருப்பட்டி கேட்டு நின்ற இளைஞன் சொன்னான். “நாமளும் செய்துக்கிட்டுதான் இருக்கோம் அண்ணாச்சி. அது பறக்க இன்னும் பத்து வருஷம் ஆகும்.”

“ஆகட்டும்லே! நம்ம சரக்குக்காவ நாமளே காத்திருக்கலன்னா வேற எவன் காத்திருப்பான்? வெளிநாடுன்னா வாயைப் பொளக்குத ஒன்ன மாதிரி ஆளுவளாலதான் நாடு உருப்படல.”

“இதைப் போன மாசம் எங்கம்மாட்ட சொல்லியிருக்கலாமே.”

“ஒங்கம்மாவா? நீ யாருலே?”

“செந்தூர்வேல். பெங்களூர்ல அந்த விமானத்தைச் செய்யுதவங்கள்ல நானும் ஒருத்தன். ஒங்க மக இந்துமதிக்குக் கேட்டு எங்கம்மா என் ஜாதகத்தைக் கொண்டு வந்தாவ. ‘இன்னும் பறக்காத விமானத்தைச் செய்யுதவனுக்குப் பொண்ணு கிடையாது’ன்னு வாசல்லயே திருப்பிக் குடுத்தீயளாமே.”

நயினாரின் கண் மேசையில் அடுக்கியிருந்த இந்துமதியின் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் போனது. மாப்பிள்ளை பேருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘பிரான்ஸ்’ என்று அவரே போடச் சொல்லியிருந்தார். கையிலிருந்த செய்திப் பத்திரிகையை விரித்து அவசரமாக அவற்றை மூடினார்.

அதிலும் பிரான்ஸ்தான் இருந்தது, கொட்டை எழுத்தில்.