வடக்குச் சுவர்

மூட்டுவலிக்கு அந்த மருந்தைக் கண்டுபிடித்தது பூங்கோதையின் அரசு ஆய்வுக்கூடம். அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து விற்கப்போவது ஹரிகரனின் கம்பெனி. ஒப்பந்தம் கைமாறிய அன்று பொன்னாடையும் முந்திரி பக்கோடாவுமாகத் தடபுடல்பட்டது.

இரண்டு இடத்திலும் முதலில் எலிகளுக்குத்தான் மருந்தைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். சோதனை முடிந்ததும் அந்த எலிகளைக் கொன்றுவிட வேண்டும் என்பது விதி. கம்பெனிக்காரர்கள் தங்கள் எலிகளை அன்றைக்கே கொன்றுவிட்டார்கள். அரசு ஆய்வுக்கூடத்தில் அதற்கும் மேலிடத்துக் கையெழுத்து வேண்டும், அது வந்தபாடில்லை. அதனால் மருந்து கொடுக்கப்பட்ட எலிகள் கூண்டுக்குள் கொழுகொழுவென்று உயிரோடிருந்தன.

மழைக்காலம் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக வடக்குச் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தன. கூண்டைத் திருப்பி வைத்தால் அவையும் திரும்பி உட்கார்ந்தன. தீனியைத் தொடவே இல்லை. பூங்கோதை பதறிப்போய் ஹரிகரனுக்குப் போன் செய்தாள்.

"முடிஞ்சுபோன எலிய எதுக்கு மேடம் இன்னும் பாத்துக்கிட்டிருக்கீங்க? எங்க எலியெல்லாம் கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் அவர்.

மனசு கேட்காமல் அவளே பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கேதான் கம்பெனி நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துவந்தது. வார்டு வாசலில் நர்ஸ் ஸ்டெல்லா சிரித்தபடி எதிர்ப்பட்டாள்.

"ஒருத்தருக்கும் வலியே இல்ல மேடம். கட்டில மட்டும் திருப்பிப் போடச் சொல்லி நேத்துலேருந்து ஒரே பிடிவாதம்."

எந்தப் பக்கம் என்று பூங்கோதை கேட்கவில்லை. கைப்பையில் போன் அடித்தது. ஆய்வுக்கூடத்து உதவியாளர்.

"மேடம், கையெழுத்து வந்துடுச்சு. இன்னைக்கே எல்லாத்தையும் முடிச்சிடச் சொல்றாங்க."