கல்லறை விளக்கு

“ஃபூ!”

மாதா பீடத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கை ஊதி அணைத்துவிட்டு நிமிர்ந்தாள் கெர்லிண்ட.

கொலோன் நகரப் பேராலயத்தின் காவலர் ரூடிகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு வாரமாய் தினமும் இதே கூத்து!

“ஏம்மா, கோயிலுக்குள்ள வந்து செய்யிற வேலையா இது? நல்லாருக்கா உங்களுக்கே?”

“நல்லாத்தான் இருக்கு. நாளைக்கும் வருவேன், நாளைக்கும் ஊதுவேன். நீ சிவப்பு அங்கி மாட்டிக்கிட்டு நின்னா நான் பயந்துருவேனா தம்பி?”

“யாரோ வேண்டிக்கிட்டு ஏத்துன விளக்கும்மா அது!”

“யாரோ இல்ல, எம்புருஷன்! நல்லாப் பாரு, சிவப்புக் கண்ணாடி. செத்தவங்க கல்லறையில வைக்கிற விளக்கு. எம்புள்ள டோர்பனுக்கு ஏத்தியிருக்கு அந்த மனுஷன்!”

ரூடிகர் குனிந்து விளக்கைப் பார்த்தார்.

“ஆல்ப்ஸ் மலை ஏறப் போனான். பனி சரிஞ்சுது. தேடிட்டு, கிடைக்கலன்னு கைய விரிச்சுட்டாங்க. உடம்பைக் கொண்டாந்து காட்டட்டும், நானே ஏத்துறேன். அதுவரைக்கும் எம்புள்ள உயிரோடதான் இருக்கான்!”

மகன் பேருக்கு வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

சே, பெத்த அப்பனா அவன்? ரூடிகருக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் காலை, கோட்டுப் பையில் சிவப்பு விளக்கோடு வந்த அவள் புருஷன் ஊவேயை வாசலிலேயே மறித்தார்.

“உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா? அந்தம்மா வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறீங்களே! இனி இந்த விளக்கோட உள்ள வரக்கூடாது.”

“அய்யோ, தடுத்துராதீங்க!” என்றார் ஊவே. “அவன் போனதுலேர்ந்து அவ கட்டிலை விட்டு எந்திரிக்கல. சாப்பாடு கிடையாது, பேச்சு கிடையாது. ஒருநாள் மனசு விட்டுப்போய், இந்த விளக்கை ஏத்தப் போறேன்னு சொன்னேன். துள்ளி எந்திரிச்சு, கோட்டை மாட்டிக்கிட்டு, அடுத்த டிராம்லயே சண்டைக்கு வந்துட்டா. வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் சூப்பும் குடிச்சா.”

ரூடிகரின் கை தானாக விலகியது.

“அவ வந்து அணைக்கணும்னுதாங்க தினமும் ஏத்துறேன்.”

விளக்கை ஏற்றிவிட்டு ஊவே தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். வாசலில் கெர்லிண்டவின் செருப்புச் சத்தம் கேட்டது.

ரூடிகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை உயர்த்தினார்.

“இந்தாம்மா, இன்னிக்கு மட்டும் ஊதிப் பாருங்க, தெரியும் சேதி!”