இரண்டு பெயர் வைத்த மலை

தென்துருவக் கடலில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கோடியில், ஒரு மலை சிவனே என்று நின்றுகொண்டிருந்தது.

ஒருநாள் பென்குயின் மூச்சிரைக்க ஓடிவந்தது. "அண்ணே, கிழக்கே கப்பல் வந்திருக்கு. உங்களைக் கண்டுபிடிச்சிட்டாங்க! கேப்டன் தன் மாமனார் பேரை உங்களுக்கு வெச்சுட்டாரு."

"அந்த மாமனார் நல்ல உயரமா?"

"தெரியலை. அவருக்குக் குளிரே ஆகாதாம்."

மலை மாமனாராக நிமிர்ந்து நிற்கப் பழகியது. அடுத்த கோடையில் மேற்கே வேறொரு கப்பல் வந்தது. அந்தக் கேப்டன் அதை வேறு மலை என்று நினைத்துத் தன் ராணியின் பெயரை வைத்தார். மலைக்குத் தலை சுற்றியது. கிழக்கே வெயிலடித்தால் மாமனார், மேற்கே அடித்தால் ராணி என்று ஒருவழியாகச் சமாளித்தது.

பிறகு மூன்றாவது கப்பல் ஒன்று சுற்றிவந்து அளந்துவிட்டுப் போனது. பென்குயின் தயங்கித் தயங்கி வந்தது.

"அண்ணே, மனசைத் தேத்திக்கங்க. ராணி மலைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம். வரைபடத்துல அடிச்சிட்டாங்க."

"அப்போ நான்?"

"நீங்க இருக்கீங்க. ராணிதான் இல்லை."

அன்றிலிருந்து மேற்குச் சரிவில் பனி கொட்டும்போதெல்லாம், இது யார்மேல் விழுகிறது என்று மலைக்கு விளங்குவதே இல்லை.